பரிசா, விஷமா, கல்யாணமா? ‘கிஃப்ட்’ என்ற சொல்லின் கதை

ஆங்கிலத்தில் ‘கிஃப்ட்’ என்றால் பரிசு. இது எல்.கே.ஜி. பிள்ளைக்கும் தெரியும். அதே நான்கு எழுத்துகளை, ஒன்றைக்கூட மாற்றாமல், ஒரு ஜெர்மன் அகராதியில் தேடிப் பாருங்கள். விஷம் என்று வரும். ஸ்வீடிஷ் அகராதியில் தேடினால் இரண்டு பதிவுகள் இருக்கும். ஒன்று விஷம். இன்னொன்று ‘திருமணமானவர்’.

சிரிச்சுட்டீங்களா? ஸ்வீடன்காரர்கள் இந்த ஜோக்கைச் சொல்லிச் சொல்லி அவர்களுக்கே அலுத்துப்போயிருக்கும். டென்மார்க்கிலும் நார்வேயிலும் இதே கதைதான். அங்கேயும் ஒரே சொல்தான் விஷத்துக்கும், கல்யாணம் ஆனவருக்கும். ஆனால் ஜோக்கோடு விட்டுவிட்டால் நல்ல விஷயம் ஒன்றைத் தவறவிடுவோம்.

ஜெர்மன் வகுப்புக்குப் போகிறவர்களுக்கு ‘போலி நண்பர்கள்’ என்ற பேச்சு பழக்கமாக இருக்கும். பார்க்க ஒரே மாதிரி இருந்து பொருளில் காலை வாரிவிடும் சொற்கள். அவற்றில் பல தற்செயலாக ஒத்துப்போனவை. ‘கிஃப்ட்’ அப்படி இல்லை. பரிசும் விஷமும் கல்யாணமும் உண்மையிலேயே ஒரே சொல். ஒரே தாய், ஒரே வேர். பிறகு எப்படி இவ்வளவு தூரம் விலகிப் போச்சு?

வேரிலிருந்து ஆரம்பிப்போம். ஆங்கிலம், ஜெர்மன், டச்சு, ஸ்வீடிஷ், டேனிஷ், நார்வேஜியன், ஐஸ்லாண்டிக் எல்லாம் ஜெர்மானிய மொழிக் குடும்பம். இவை எல்லாவற்றிலும் ‘கொடு’ என்பதற்கு ஒரே வினை உண்டு. ஆங்கிலத்தில் ‘கிவ்’, ஜெர்மனில் ‘கேபன்’, மற்றவற்றிலும் இதன் சாயல்தான். இந்த வினையின் கடைசியில் ஒரு ‘ட்’ ஒட்டினால் பெயர்ச்சொல் கிடைக்கும். கிவ், கிஃப்ட். இதே சூத்திரத்தில்தான் டிரைவ் என்பதிலிருந்து டிரிஃப்ட் வந்தது. முதலாண்டு இயற்பியலில் படித்த ‘டிரிஃப்ட் வெலாசிட்டி’ ஞாபகம் இருக்கா? ஓட்டப்படுவது, அடித்துச் செல்லப்படுவது டிரிஃப்ட். கொடுக்கப்படுவது கிஃப்ட். ஜெர்மனில் ‘ஷ்ரைபன்’ என்றால் எழுது, ‘ஷ்ரிஃப்ட்’ என்றால் எழுத்து. நாம் தடு என்பதிலிருந்து தடையும் விடு என்பதிலிருந்து விடையும் செய்கிற மாதிரி. அந்த வகையில் கிஃப்ட் என்பதற்கு நேரான தமிழ், கொடு என்பதிலிருந்து வந்த ‘கொடை’.

ஆக, தொடக்கத்தில் இந்தச் சொல்லுக்கு ‘கொடுத்தல், கொடுக்கப்பட்டது’ என்பதற்கு மேல் ஒரு பொருளும் கிடையாது. எதைக் கொடுத்தார்கள், யாருக்குக் கொடுத்தார்கள், எதற்காக என்பதெல்லாம் சொல்லுக்கு வெளியே இருந்த சமாச்சாரம். வெளியே இருந்தது மெல்ல உள்ளே வந்துவிட்டது. அதுதான் முழுக் கதையும்.

முதலில் கல்யாணம். ஏனென்றால் நமக்குக் கிடைக்கும் எழுத்துச் சான்றுகளில் ரொம்பப் பழையது அந்தப் பொருளோடு வருகிறது. நான்காம் நூற்றாண்டில் உல்ஃபிலா என்ற ஆயர் பைபிளைக் கோதிக் மொழியில் பெயர்த்தார். கோதிக் இன்று பேச ஆளில்லாத ஒரு ஜெர்மானிய மொழி. லூக்கா நற்செய்தியில், மரியாள் யோசேப்புக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தாள் என்ற இடத்தில் அவர் கையாண்ட சொல் ‘ஃப்ராகிஃப்ட்ஸ்’. ‘ஃப்ரா’ என்ற முன்னொட்டைக் கழற்றிவிட்டுப் பாருங்கள், நம்ம கிஃப்ட் உட்கார்ந்திருக்கும். பழைய ஆங்கிலத்திலும் அப்படியே. ஒருமையில் அந்தச் சொல்லுக்குப் பொருள் பெண்ணுக்காகத் தரும் விலை, அதாவது பரிசப் பணம். பன்மையில் சொன்னால் திருமணம். பிறந்தநாளுக்குக் கொடுக்கும் பரிசு என்ற பொருள் அன்றைய ஆங்கிலேயருக்கு இந்தச் சொல்லில் தோன்றியே இருக்காது.

இது நமக்கு விநோதமாகப் படவே கூடாது. ‘அந்த ஊர்ல பொண்ணு குடுத்திருக்கோம்’ என்று சொல்கிற வாய் நம்முடையது. ‘கட்டிக் குடுத்தாச்சு’ என்றால் என்ன அர்த்தம் என்று யாரும் கேட்பதில்லை. கொள்வினை கொடுப்பினை என்று சம்பந்த உறவுக்கே இந்த வினையை வைத்துத்தான் பெயர். ஸ்வீடிஷ் மொழியில் ‘கிஃப்ட்’ என்பது நேராகச் சொன்னால் ‘கொடுக்கப்பட்டவள்’. கொடுக்கப்பட்டவள் என்றேன், கொடுக்கப்பட்டவன் என்று சொல்லவில்லை, கவனியுங்கள். ஐஸ்லாண்டிக்கில் அந்த வேற்றுமையின் தடம் இன்னும் இருக்கிறது. மரபான வழக்கில் கல்யாணமான பெண்ணைத்தான் ‘கிஃப்ட்’ என்பார்கள். ஆணுக்கு வேறு சொல், ‘க்வைன்டுர்’. அதற்குள்ளே ‘பெண்’ என்ற சொல் இருக்கிறது, பெண்ணை அடைந்தவன் என்பது போல. பெண் கொடுக்கப்படுகிறாள், ஆண் கொள்கிறான். இலக்கணமே கல்யாணப் பந்தலில் யார் எங்கே நின்றார்கள் என்று படம் வரைந்து காட்டிவிடுகிறது. ஸ்வீடிஷில் இந்தப் பேதம் அழிந்துபோய், இன்று ஆணும் கிஃப்ட், பெண்ணும் கிஃப்ட். விண்ணப்பப் படிவத்தில் கல்யாணம் ஆகாதவர் ‘ஓகிஃப்ட்’. விஷமில்லாத பொருள் ‘ஓகிஃப்டிக்’. கடைசி அசையில் கவனம் தேவை, இல்லையென்றால் ‘நான் நச்சுத்தன்மை அற்றவன்’ என்று கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஐஸ்லாண்டிக் தரும் இன்னொரு சொல். ‘கிஃப்டா’ என்றால் அங்கே நல்லூழ், அதிர்ஷ்டம். மேலிருந்து ஒருவருக்குக் கொடுக்கப்பட்டது என்ற எண்ணம். ‘அதுக்கெல்லாம் ஒரு கொடுப்பினை வேணும்’ என்று உங்கள் பாட்டி சொல்லியிருப்பார் இல்லையா? கொடுப்பினைக்குக் கல்யாண உறவு என்ற பொருளும் உண்டு, அதிர்ஷ்டம் என்ற பொருளும் உண்டு. ஐஸ்லாந்துக்கும் நமக்கும் மொழி உறவு எதுவும் கிடையாது. ஆனாலும் ‘கொடு’ என்ற வினையைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு சமூகங்களும் ஒரே இரண்டு கதவுகளைத் திறந்திருக்கின்றன.

பழைய ஆங்கிலப் பொருளை இன்னொரு விதத்தில் நாமே உயிரோடு வைத்திருக்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘நாங்க எதுவும் கேக்கலைங்க, பொண்ணு வீட்டுல அவங்களா பிரியப்பட்டு கிஃப்ட்டா குடுத்தாங்க.’ காரும் நகையும் பெயர் மாறி நிற்கும் இந்த வாக்கியத்தை எத்தனை கல்யாண வீடுகளில் கேட்டிருப்போம்! ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் பணம் மாப்பிள்ளை பக்கத்திலிருந்து போனது, இங்கே பெண் பக்கத்திலிருந்து போகிறது. திசைதான் வேறு. வேலை அதே வேலை. விலையை விலை என்று சொல்ல மனசு வராதபோது ‘கொடுத்தது’ என்ற மெத்தென்ற சொல் அதன்மேல் போர்த்தப்படுகிறது. ஜெர்மன் மொழியில் வரதட்சணைக்கு ‘மிட்கிஃப்ட்’ என்று பெயர். கூடவே கொடுத்தனுப்புவது. இன்றைய ஜெர்மன்காரர் காதுக்கு அதில் ‘கூடவரும் விஷம்’ என்று ஒரு கேலியும் கேட்கும்.

அந்த விஷத்துக்கே வருவோம்.

ஜெர்மானிய மொழிகளுக்கு விஷத்துக்கென்று சொந்தச் சொல் இல்லாமல் இல்லை. பழைய ஆங்கிலத்தில் ‘ஆட்டோர்’, பழைய நார்ஸில் ‘எய்ட்ர்’, பழைய ஜெர்மனில் ‘எய்டர்’ என்று ஒரு குடும்பமே இருந்தது. அப்பட்டமான, பயங்கரமான சொல். அப்பட்டமாக இருந்ததுதான் அதற்கு வினையாகப் போனது. கிரேக்க மருத்துவத்தில் நோயாளிக்குத் தரும் மருந்தின் அளவுக்கு ‘டோசிஸ்’ என்று பெயர். நேர்ப்பொருள், ‘கொடுத்தல்’. லத்தீன் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. நாம் இன்று தடுப்பூசிக்கு ‘ரெண்டாவது டோஸ் போட்டாச்சா?’ என்று கேட்பதும் அதே சொல்தான். லத்தீன் படித்த ஜெர்மானியர்கள் இந்த ‘டோசிஸ்’ என்பதைத் தங்கள் மொழியில் சொல்லுக்குச் சொல் பெயர்த்தபோது கிடைத்தது ‘கிஃப்ட்’. மருந்தாக ஒரு வேளைக்குக் கொடுப்பது. அங்கிருந்து, வாயில் ஊற்றப்படுவது. அங்கிருந்து, ஊற்றினால் ஆள் எழுந்திருக்காதது. ‘அவருக்கு ஏதோ கொடுத்துட்டாங்க’ என்று தாழ்ந்த குரலில் நாம் சொன்னாலும் இதே பாதைதான்.

நன்னூலில் இதற்கு ஒரு பெயர் உண்டு, பள்ளியில் படித்திருப்பீர்கள்: மங்கலம். மங்கலம் இல்லாததை மங்கலமாகச் சொல்வது. சுடுகாட்டை நன்காடு என்பது, செத்தார் என்பதற்கு இறைவனடி சேர்ந்தார் என்பது. கடித்தால் உயிர் போகிற பாம்புக்கு நாம் வைத்த பெயர் நல்ல பாம்பு. வயலில் தெளிக்கும் விஷத்துக்குப் பூச்சிமருந்து, எலியைக் கொல்வதற்கு எலிமருந்து. நஞ்சு என்ற நல்ல தமிழ்ச்சொல் கையில் இருக்கும்போதே மருந்து என்கிறோம். ஜெர்மானியர் செய்ததற்கும் இதற்கும் இம்மியளவு வித்தியாசம் இல்லை.

ஆனால் மங்கல வழக்கில் ஒரு சிக்கல் இருக்கிறது. மூடிவைக்கப் போட்ட துணியில் கறை ஏறிவிடும். எல்லோரும் விஷத்துக்குக் ‘கிஃப்ட்’ என்று சொல்லச் சொல்ல, ஜெர்மனில் அந்தச் சொல் விஷமாகவே ஆகிவிட்டது. அதன்பிறகு பரிசு கொடுக்கிறவன் ‘கிஃப்ட் தருகிறேன்’ என்று சொல்ல முடியுமா? பழைய பொருள் விலகிப் போக வேண்டியதாயிற்று. வேலை இழந்த அந்த அப்பட்டமான பழைய சொல் என்ன ஆயிற்று தெரியுமா? இன்றைய ஜெர்மனில் ‘ஐட்டர்’ என்றால் புண்ணில் கட்டும் சீழ். டேனிஷில் அது சிலந்தியின் பெயருக்குள் ஒளிந்திருக்கிறது: சிலந்திக்கு அங்கே ‘எட்டர்கோப்’. அந்த ‘எட்டர்’தான் பழைய விஷம்.

இந்த இரண்டு சொற்களும், டோசிஸும் கிஃப்ட்டும், ஒருமுறை ஒரே வாக்கியத்தில் சந்தித்துக்கொண்டன. வேதியியலும் நச்சியலும் படிக்கிறவர்களுக்குப் பாராசெல்சஸ் என்ற பெயர் தெரிந்திருக்கும். 1493 முதல் 1541 வரை வாழ்ந்த மருத்துவர். 1538இல் தன்மேல் வந்த குற்றச்சாட்டுகளுக்குப் பதிலாக எழுதிய நூலில் அவர் சொன்னதன் சாரம் இது: எல்லாமே விஷம்தான், ஒன்றை விஷம் ஆகாமல் வைத்திருப்பது அளவு மட்டுமே. நச்சியலின் அடிப்படை விதி என்று இன்றும் சொல்லித்தரப்படுவது. அவர் அதை ஜெர்மனில் எழுதினார். அளவுக்கு ‘டோசிஸ்’ என்றார், விஷத்துக்குக் ‘கிஃப்ட்’ என்றார். இரண்டுக்கும் சொற்பிறப்புப் பொருள் ஒன்றே, கொடுத்தல். ‘கொடுத்தல்தான் கொடுத்தலைக் கொடுத்தல் ஆகாமல் வைத்திருக்கிறது’ என்று அந்த வாக்கியத்தை அவிழ்த்தால் தலை சுற்றும்.

இன்னொரு பக்கவாட்டுச் செய்தி. டோசிஸின் வேரிலிருந்து வந்த உறவினர்கள் நம் வீட்டிலும் இருக்கிறார்கள். சமஸ்கிருதம் வழியாகத் தமிழுக்கு வந்த ‘தானம்’ ஒன்று. லத்தீன் வழியாக வந்த ‘டேட்டா’ இன்னொன்று, ‘கொடுக்கப்பட்டவை’ என்று பொருள். ரத்த தானம், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், துறைத்தலைவர் விடுகிற டோஸ் மூன்றும் பங்காளிகள். இவர்கள் கிஃப்ட்டுக்குச் சொந்தமல்ல. பொருள் ஒன்றே, வேர் வேறு.

பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மோஸ் 1924இல் இந்தச் சொல்லைப் பற்றியே ஒரு சிறு கட்டுரை எழுதினார். தலைப்பே ‘கிஃப்ட், கிஃப்ட்’. அவர் விளக்கம் வேறு. பழைய ஜெர்மானியரிடையே பரிசு என்றால் பெரும்பாலும் சேர்ந்து குடிக்கும் மது. கோப்பையை நீட்டுகிறவன் நண்பனா எதிரியா என்பது குடித்த பிறகுதான் தெரியும். தவிர, பரிசு வாங்கினவன் கடன்பட்டவன், கொடுத்தவனின் பிடியில் இருப்பவன். ஆகவே பரிசுக்குள்ளேயே ஆபத்து இருக்கிறது என்றார். படிக்கச் சுவையான வாதம். ஆனால் என் வாக்கு டோசிஸ் பக்கம்தான். மோஸின் விளக்கம் பரிசு எதனால் ஆபத்தானது என்பதைச் சொல்கிறது, சொல் எப்படி மாறியது என்பதைச் சொல்லவில்லை. மருத்துவ ஏட்டின் மொழிபெயர்ப்பு என்பது சப்பென்ற விளக்கம்தான். சொற்பிறப்பில் சப்பென்ற விளக்கங்களே பெரும்பாலும் ஜெயிக்கின்றன.

ஆனாலும் கோப்பை விஷயத்தில் மோஸ் சும்மா விடக்கூடியவர் அல்ல. ஏனென்றால் ஜெர்மனில் இன்று பரிசுக்கு என்ன சொல்? ‘கெஷெங்க்’. அது ‘ஷெங்கன்’ என்ற வினையிலிருந்து வந்தது. அதற்கு முதற்பொருள் பானத்தை ஊற்றித் தருவது. டச்சில் இன்றும் காபி ஊற்றுவதற்கும் பரிசளிப்பதற்கும் இதே வினை. இனி ஆங்கிலத்தைப் பாருங்கள். அங்கே விஷத்துக்கு என்ன சொல்? ‘பாய்சன்’. அது பிரெஞ்சிலிருந்து வந்தது. லத்தீன் மூலத்தில் அதற்குக் ‘குடிப்பது, பானம்’ என்றுதான் பொருள். மந்திரக் கதைகளில் வரும் ‘போஷன்’ அதன் கூடப்பிறந்த சொல். அதாவது ஜெர்மன் ‘கொடுப்பதை’ விஷமாக்கி ‘ஊற்றித் தருவதை’ப் பரிசாக்கியது. ஆங்கிலம் ‘குடிப்பதை’ விஷமாக்கி ‘கொடுப்பதை’ப் பரிசாக வைத்துக்கொண்டது. யாரும் உட்கார்ந்து திட்டம் போடவில்லை.

ஆங்கிலம் மட்டும் எப்படித் தப்பித்தது? பாதி அதிர்ஷ்டம், பாதி வைக்கிங்குகள். பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லை ‘யிஃப்ட்’ என்றுதான் உச்சரித்தார்கள், ஸ்வீடன்காரர்கள் இன்று உச்சரிப்பது போலவே. ‘கிவ்’ என்பதும் அப்போது ‘யி’ ஒலியில்தான். 1400இல் இறந்த சாசர் லண்டனில் உட்கார்ந்து எழுதியபோதுகூட ‘யிஃப்ட்’ என்றே எழுதினார். இதற்குள் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய டென்மார்க், நார்வேக்காரர்களின் வாயிலிருந்து அழுத்தமான ‘கி’ ஒலியும், பரந்த பரிசுப் பொருளும் ஆங்கிலத்தில் பரவிக்கொண்டிருந்தன. கடைசியில் ‘கி’ ஜெயித்தது. விஷத்துக்குப் பிரெஞ்சுச் சொல் கைவசம் இருந்ததால் கிஃப்ட் அந்தக் கறை படியாமல் தப்பியது. கொடுமை என்னவென்றால், ஆங்கிலேயருக்குப் பரிசு என்று சொல்லிக்கொடுத்த ஸ்காண்டினேவியர்களே பின்னாளில் தெற்கே இருந்து வந்த ஜெர்மானிய வழக்கால் விஷம் என்ற பொருளை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

டச்சு நடுவில் நிற்கிறது. அங்கே ‘கிஃப்ட்’ என்றால் நன்கொடை. விஷத்துக்குக் கடைசி ‘ட்’ போய் ‘கிஃப்’, அல்லது முன்னொட்டோடு ‘ஃபெர்கிஃப்’. நன்கொடைக்கு ஒரு பால், விஷத்துக்கு வேறு பால். ஜெர்மனிலும் அப்படித்தான்: மிட்கிஃப்ட் பெண்பால், விஷமான கிஃப்ட் அலிபால். ‘டெர், டீ, டாஸ் எதுக்குடா மனப்பாடம் பண்ணணும்’ என்று புலம்புகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். டச்சு ‘ஃபெர்கேவன்’ என்ற வினையில் இன்னொரு அழகு. பொதுவான பொருள் மன்னித்தல். பழைய வழக்கில் விஷம் வைத்தல் என்ற பொருளும் உண்டு. எந்தப் பொருள் என்பதை வாக்கியம்தான் சொல்ல வேண்டும், பாவம்.

மேற்படிப்புக்கு அந்தப் பக்கம் போகிறவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். ஸ்வீடனில் ‘கிஃப்ட்’ என்று முடியும் சொற்களைப் பார்த்து அலற வேண்டாம். ‘உட்கிஃப்ட்’ செலவு, வெளியே கொடுப்பது. ‘உப்கிஃப்ட்’ உங்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை, அசைன்மென்ட். ‘ஆவ்கிஃப்ட்’ கட்டணம். 2011 முதல் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிற மாணவர்களுக்கு அங்கே படிப்புக் கட்டணம் உண்டு. ஆகவே ‘ஸ்டூடியேஆவ்கிஃப்ட்’ என்று கடிதம் வந்தால் அது விஷமில்லை, ஆனால் வயிற்றைக் கலக்கும்.

ஆய்வகத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். மண்டையோட்டுப் படம் போட்ட புட்டிகளில் எச்301 என்ற குறியீடு இருக்கும், விழுங்கினால் நச்சு என்று அர்த்தம். அந்தக் குறியீட்டின் வாசகம் ஜெர்மனில், டச்சில், டேனிஷில், ஸ்வீடிஷில் எதில் அச்சிட்டிருந்தாலும் முதல் சொல்லில் ‘கிஃப்ட்’ இருக்கும். படம் கிழிந்து எழுத்து மட்டும் மிஞ்சியிருக்கும் புட்டியில் அதைப் பார்த்தால் கையுறையைப் போட்டுக்கொண்டு பிறகு தொடுங்கள். ஐஸ்லாந்தில் மட்டும் அந்தச் சொல்லைத் தேடாதீர்கள். அங்கே விஷத்துக்கு இன்றும் ‘எய்டுர்’ தான், சீழாகவும் சிலந்தியாகவும் மற்ற இடங்களில் ஒளிந்துகொண்ட அதே பழைய சொல். அந்த ஊரில் கிஃப்டா என்றால் கொடுப்பினை.